காக்காய் வந்த கதையும் கத்தரிச் செடியும்



சென்ற மாதம் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் வகுப்பறையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில், பிள்ளைகள் போட்ட ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது. ஆறு பாத்தி. வெண்டை, கத்தரி, மிளகாய், கங்குங் கீரை, பந்தலில் நீளப்பயறு, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் களை எடுப்பார்கள். காய்த்தது யார் வீட்டுக்குப் போவது என்பதில் தினமும் ஒரு வழக்கு நடக்கும்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "டீச்சர், பயத்தங்கொடியில ஒரு கெட்ட பூச்சி இருந்துச்சு. நான் சிலிப்பரால நசுக்கிட்டேன்!" என்றான். போய்ப் பார்த்தேன். நசுங்கிக் கிடந்தது பொறிவண்டின் குஞ்சு. கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, கையளவு முதலையை விரல் நுனி அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பார்க்க அழகில்லை. ஆனால் பயற்றங்கொடியின் நுனியில் அப்பிக் கிடக்கிறதே கறுப்புச் செடிப்பேன், அதை நாள் முழுவதும் தின்று கொடியைக் காப்பாற்றுவது இதுதான். நம் பையன் காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான்.

நான் அவனைத் திட்டவில்லை. பெரியவர்களே இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள், அதுவும் நம் கிள்ளானிலேயே. அந்தக் கதையைத்தான் அன்று வகுப்பில் சொன்னேன்.

நம் ஊர்ப் பக்கம் காக்காய்க்குப் பஞ்சமே இல்லை. சந்தையில், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைக் கூரையில், கோயில் மதிலில், எங்கே பார்த்தாலும் காக்காய். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிறோம், உடனே வருகிறது. ஏதோ ஆதிகாலத்திலிருந்தே இந்த மண்ணில் இருந்த பறவை என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. சாம்பல் கழுத்து உள்ள இந்த ஊர்க்காக்காய், நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில், 1890களின் இறுதிக்கும் 1903க்கும் இடையில், இலங்கையிலிருந்து கூண்டில் கொண்டுவரப்பட்டது. அப்போது கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் இன்னும் பெரிதாகப் பரவவில்லை, செம்பனைத் தோட்டம் கிடையாது. காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் நடத்திய தோட்டங்கள். காப்பி இலையைப் புழு தின்று தீர்த்தது. சிலோனில் காக்காய் புழுவைத் தின்கிறதே, அதை இங்கே கொண்டுவந்து விட்டால் செலவில்லாமல் வேலை முடியுமே என்று கணக்குப் போட்டார்கள்.

காக்காய் நன்றாகத்தான் குடியேறியது. ஆனால் காப்பி நிற்கவில்லை. விலை விழுந்தது, புழுவும் படுத்தியது, துரைமார்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். யாருக்காகக் காக்காய் வந்ததோ அந்தப் பயிரே போய்விட்டது. காக்காய் தங்கிவிட்டது. குப்பைத் தொட்டி, மீன் சந்தை, சின்னப் பறவைகளின் கூட்டில் முட்டை, குஞ்சு என்று எதையும் விடவில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் பரவியது. துப்பாக்கிக்காரர்களை அழைத்துக் காக்காய் சுடும் வேலையை நகராண்மை நிர்வாகம் பலமுறை செய்து பார்த்துவிட்டது. 2024இல் கிள்ளான் அரச மாநகரமாக உயர்ந்தது. காக்காய்களும் கூடவே மாநகரக் காக்காய்களாக உயர்ந்துவிட்டன.

"அப்போ காக்கா கெட்டதா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் பாட்டி தினமும் காக்காய்க்குச் சோறு வைப்பவர். காக்காய் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. அது எதை வேண்டுமானாலும் தின்னும். புழுவை மட்டும்தான் தின்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொண்டுவந்தவர்கள்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொண்டு கொண்டுவந்ததும் உண்டு. உங்களில் வயதான அம்மாமார்களுக்கு நினைவிருக்கும்: செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளை ஊதிவிடும் வேலைக்கு முன்பெல்லாம் ஆள் போவார்கள். ஊதாவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் யாரும் ஊதுவதில்லையே, அங்கே எப்படிக் காய்க்கிறது என்று ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் போய்ப் பார்த்தார். எள்ளு அளவு மூக்குவண்டு ஒன்றுதான் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குத் தூளைச் சுமக்கிறது என்று கண்டார். அது செம்பனைப் பூவைத் தவிர வேறு பயிரில் வாய் வைக்குமா என்று சோதித்துப் பார்த்த பிறகே 1981இல் மலேசியாவில் விட்டார்கள். குலை பிடித்தது, நாட்டுக்கு லாபம். ஊதும் வேலைக்குப் போன பெண்களுக்கு மட்டும் அந்தக் கூலி நின்றது. ஆக, நன்மை என்பதும் யாருக்கு நன்மை என்று கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

சரி, நம் பாத்திக்கு வருவோம்.

பொறிவண்டிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று பளபளவென்று எண்ணெய் தேய்த்தது போல் இருக்கும், செடிப்பேனைத் தின்னும். இன்னொன்று கத்தரிச் செடியில் உட்காரும். மங்கிய செம்மண் நிறம். உற்றுப் பார்த்தால் மேலே பூனைமுடி போல மெல்லிய ரோமம். முதுகில் இருபத்தெட்டு கறுப்புப் புள்ளி. இது பேனைத் தின்னாது, கத்தரி இலையைத்தான் தின்னும். அதன் குஞ்சு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் சல்லடை மாதிரி விட்டுவைக்கும். ஒரே குடும்பம், ஒரே உருவம். ஒன்று உதவி, ஒன்று உபத்திரவம். நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், அது எந்தச் செடியில் உட்கார்ந்திருக்கிறது, வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கத்தரி வண்டுக்கு மருந்து வேண்டாம். காலையில் வெயில் ஏறுமுன் இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் முட்டைகள் கொத்தாக இருக்கும். முட்டையோடு அந்த இலைத் துண்டைக் கிள்ளி, வண்டையும் தட்டி, சவர்க்காரத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டால் போதும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிட வேலை.

மருந்து வேண்டாம் என்று இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

பத்து வருடங்களுக்கு முன், வேறொரு பள்ளியில், நானும் ஆர்வமாகத் தோட்டம் போட்டேன். வெண்டையில் புழு விழுந்தது. கல்வி அதிகாரி பார்வையிட வருகிற நேரம், இலையெல்லாம் ஓட்டை. மருந்தடிக்கும் வேலை பார்த்த ஒரு தகப்பனாரிடம், "கொஞ்சம் மருந்து கொண்டாங்கண்ணே" என்று நானே கேட்டேன். அவர் ஆரஞ்சுச் சாறு போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சாயங்காலம் அடித்தேன். மறுநாள் புழு எல்லாம் செத்துக் கிடந்தது. கூடவே சிலந்தி, பொறிவண்டு, கும்பிடுபூச்சி எல்லாம் செத்துக் கிடந்தன. அதிகாரி வந்து பாராட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஆகவில்லை, பயற்றங்கொடி முழுக்கக் கறுப்புப் பேன். ஒரு காம்பு மிச்சமில்லை. செடிப்பேன் குட்டி போட ஆண் துணைகூட வேண்டியதில்லை. பிறந்த குட்டி ஒரே வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். மருந்தடித்தால் இரண்டு பக்கமும் சாகும். முதலில் எழுந்து வருவது திருடன்தான்.

அது கூடப் பரவாயில்லை. மிச்சம் இருந்த போத்தலை வகுப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு நாள் ஓய்வு நேரம் முடிந்து உள்ளே வருகிறேன். முதலாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறான். ஆரஞ்சுச் சாறு படம் போட்ட போத்தல். அவனுக்கு எழுத்து இன்னும் கூட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் மருந்து என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. அது ஒன்றுதான் காரணம். அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளி முடிக்கிற வயது. சாலையில் பார்த்தால், "வணக்கம் டீச்சர்" என்பான். எனக்கு இன்னும் அந்த மூடிதான் ஞாபகம் வரும்.

பெற்றோர்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டில், குசினிப் படிக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ, வேலையிடத்திலிருந்து வந்த மருந்து ஒரு குடிபானப் போத்தலில் இருக்கிறது? இன்றைக்கே போய்ப் பாருங்கள். தோட்டங்களில் பல காலம் களைக்கு அடித்த பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அது நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய போத்தலுக்குச் சட்டம் தெரியாது. அப்படி எதையாவது பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்கிறேன், பால் கொடுக்கிறேன் என்று நேரம் போக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்து நண்பனையும் சேர்த்துக் கொல்லும் என்பது என் ஆறு பாத்தியில் மட்டும் நடந்த சங்கதி அல்ல. பெரிய பெரிய செம்பனைத் தோட்டங்களே இந்தப் பாடத்தைப் படித்தன. செம்பனை ஓலையில் சின்னப் பை போலத் தொங்குமே, உலாட் புங்குஸ் என்கிற பைப்புழு. 1950களின் கடைசியிலும் 1960களின் ஆரம்பத்திலும் அது பல தோட்டங்களில் ஓலையை எரித்தது போல ஆக்கியது. நீண்ட நாள் வீரியம் உள்ள மருந்தை அடிக்க அடிக்கப் புழு கூடியது. ஆராய்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் பொடிக் குளவிகள் இருக்கின்றன, மருந்து அவற்றைத்தான் முதலில் கொன்றுகொண்டிருந்தது. அந்த வகை மருந்தை நிறுத்தியதும் புழு அடங்கத் தொடங்கியது.

குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுமே, அது ஞாபகம் வரும். புழுவைக் கொண்டுபோய் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கூட்டுக்குள் போனது புழு, வெளியே வந்தது குளவி. பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். நடுவில் நடந்தது வேறு. குளவி கொட்டியதும் புழு செயலிழந்து கிடக்கும். அதோடு சேர்த்து முட்டையிட்டுக் கூட்டை மூடிவிடும். பொரித்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வரும். ஒவ்வொரு கூட்டிலும் நம் செடியைத் தின்ன வேண்டிய புழுக்கள் அடைபட்டிருக்கின்றன. பிள்ளை படுக்கும் இடத்துக்கு மேலே இல்லையென்றால் அந்த மண்கூட்டை உடைக்காதீர்கள்.

தோட்டச் சாலை ஓரங்களில் வெள்ளை இதழும் நடுவில் கருமையும் உள்ள ஒரு பூச்செடியைப் பார்த்திருப்பீர்கள். காலை எட்டு மணிவாக்கில் விரிந்து உச்சிவெயிலில் மூடிவிடும். மலாய்க்காரர்கள் எட்டு மணிப் பூ என்று அர்த்தம் வரும்படி புங்கா புக்குல் லாப்பான் என்பார்கள். அழகுக்காக நட்டார்கள் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் பொடிக் குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக நட்டது அது. நிர்வாகத்தார் குளவிக்குச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார்கள்! ஒரு கிளை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். எங்கள் பயற்றம்பந்தல் ஓரத்தில் நாலு செடி வைத்திருக்கிறோம்.

இரவில் வருகிற நண்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி போட்டவர்களுக்கு எலியின் தொல்லை தெரியும். எலியைத் தின்பதற்கென்றே தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே வெண்கூகை குடியிருக்கும். இருதய வடிவில் வெள்ளை முகம் உள்ள ஆந்தை. நம் நாட்டில் அது பெருகியதே செம்பனையும் எலியும் பெருகிய பிறகுதான். ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாமோ ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெடுக்கிறோம். சாவுதான், எலிக்கு. எலிமருந்தைக் கண்ட இடத்தில் வைக்கும்போதும் யோசியுங்கள்: மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்று ஆந்தையும் சாகும்.

பாம்பு விஷயத்தில் மட்டும் நான் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்துவதில்லை. சாரைப்பாம்பும் எலி தின்னும், அது விஷமில்லாதது, உண்மைதான். ஆனால் இது சாரை, இது நாகம் என்று எட்டு வயதுப் பிள்ளை பிரித்துப் பார்க்க வேண்டாம். எந்தப் பாம்பானாலும் பின்வாங்கி நின்று பெரியவரைக் கூப்பிடு. பெரியவர் அடிக்கப் போகாமல் 999க்கு அழைத்து, தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ வரவழைக்கட்டும். இதுதான் எங்கள் தோட்டத்துச் சட்டம். கையில் மண்வெட்டி இருக்கிறது என்கிற தைரியத்தில் கடி வாங்கியவர்கள் உண்டு.

ஆப்பிரிக்க நத்தையும் அப்படித்தான், விளையாட்டுப் பொருள் அல்ல. எலியிலிருந்து வரும் ஒரு புழு நத்தைக்குள் வளரும். அது மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளையைச் சுற்றி வீக்கம் உண்டாக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொறுக்கலாம். கங்குங் கீரையைத் தண்டு தண்டாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். பெரிய செம்போத்துப் பறவை பாத்தியோரம் நடந்தால் விரட்டாதீர்கள். அது வந்திருப்பது நத்தைக்காக.

தோட்டம் கைமாறி அடுக்குமாடிக்கு வந்துவிட்ட வாசகர்கள், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடைவழியில் இரண்டு சாடி வைத்திருப்பவர்கள், இதெல்லாம் நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்கள் கறிவேப்பிலைச் சாடியிலும் பச்சைப் புழு வரும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. ஒரு கிளையை அதற்கு விட்டுவிட்டு, மற்றக் கிளையிலிருப்பதை எடுத்து அதில் விடுங்கள். பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும். சாடிக்கு அடியில் வைத்த தட்டைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழிலிருந்து பத்து நாளில் கொசு பறக்கும். டெங்கி எண்ணிக்கையில் சிலாங்கூர்தான் எப்போதும் முன்வரிசை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், தட்டு, வாளி, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்ப்பது பிள்ளையின் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். எங்கள் பள்ளியில் அந்த வேலைக்கு ஒரு பட்டை குத்திக் கொடுத்தோம். இப்போது அதற்கு அடிதடி.

பொறிவண்டுக் குஞ்சை நசுக்கிய பையனுக்கு ஒரு பழைய கணக்குப் புத்தகம் கொடுத்தேன். எந்தப் பூச்சியானாலும் கொல்வதற்கு முன் அது எந்தச் செடியில் இருந்தது, என்ன தின்றது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும்; பிறகு நானும் அவனும் சேர்ந்து முடிவு செய்வோம் என்பது ஏற்பாடு. இதுவரை ஒன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. நேற்று டப்பாவில் ஒரு கத்தரி வண்டோடு வந்தான்.

"டீச்சர், நீங்க இருபத்தெட்டுப் புள்ளின்னு சொன்னீங்க. இருபத்தாறுதான் இருக்கு."

மறுபடியும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.